நாலு கோர் ரவுட்டரில் ஒரு கோர் மட்டும் வெந்த கதை

இப்போது 300 எம்பிபிஎஸ் லைனில் முழு வேகத்தில் இறக்கும்போதும் என் வீட்டு ரவுட்டரின் சிபியுவில் எந்தக் கோரும் (சிபியுவுக்குள் இருக்கும் தனித்தனி வேலையாள்) 70 வீதத்தைத் தாண்டுவதில்லை. சும்மா இருக்கும்போது லோட் ஆவரேஜ், அதாவது ஓடுகிற, காத்து நிற்கிற வேலைகளின் சராசரி எண்ணிக்கை, 0.1, 0.2 என்று கிடக்கிறது. மாசி மாதத்தில் இதே பெட்டிதான் 90 எம்பிபிஎஸ்ஸிலேயே மூச்சு முட்டி, லோட் 4-க்கு மேல் காட்டிக்கொண்டு நின்றது. பலகையும் மாறவில்லை, சிபியுவும் மாறவில்லை. இடையில் என்ன நடந்தது என்று எழுதி வைக்கிறேன். பழைய பலகையில் சொந்தமாக ரவுட்டர் செய்து வைத்திருக்கிற ஆக்கள் யாழ்ப்பாணத்தில் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள், எல்லாரும் கேட்கிற கேள்வியும் ஒன்றுதான்: சிபியு ஏன் இப்படி ஓடுது?

முதலில் பெட்டியைச் சொல்லிவிடுகிறேன். ஏஸ்ராக் க்யூ1900டிசி ஐடிஎக்ஸ் பலகை. அதிலேயே ஒட்டி வரும் செலரோன் ஜே1900 சிபியு, நாலு கோர், 2 கிகாஹேர்ட்ஸ், 10 வாட். இந்தப் பலகையைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம், இதற்குத் தனிப் பவர் சப்ளை தேவையில்லை. 9 முதல் 19 வோல்ட் வரை எந்த டிசியும் ஏற்றுக்கொள்ளும், அதாவது 12 வோல்ட் பற்றரியிலே நேரே ஓடும். 2022-இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் நிறுத்தப்பட்ட காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று விளக்கத் தேவையில்லை. கொழும்பில், யூனிட்டி பிளாசாப் பக்கம் பழசு 18,000 ரூபாவுக்குக் கிடைத்தது, இரவு பஸ்ஸில் பார்சலாக வந்தது. 4 ஜிபி ராம் 3,500. பலகையில் ஒரு லான் போர்ட்தான் இருக்கிறது, இரண்டாவதுக்கு 2,500 ரூபாவுக்கு ஒரு ரியல்டெக் கார்ட். டிஸ்க் என்று காசு செலவழிக்காமல் வீட்டில் கிடந்த 16 ஜிபி பென் டிரைவில் டெபியன் 12 லினக்ஸ் ஏற்றினேன். அந்தப் பென் டிரைவை நினைவில் வைத்திருங்கள், பிறகு வரும்.

நோய்க்குறி பின்னேரங்களில்தான் தெரிந்தது. இங்கே இருட்டுகிற நேரம் கனடாவில் விடியும், அப்போதுதான் வீட்டில் வீடியோ கோல் தொடங்கும். அம்மா கதைத்துக்கொண்டிருக்கும்போதே அக்காவின் முகம் உறைந்து நிற்கும், அதே நேரம் மகன் ஏதாவது இறக்கிக்கொண்டிருப்பான். வேகம் பார்த்தால் 85, 90, 92. லைன் 300. சரி, லைனில்தான் பிழை என்று சொல்லி ஆள் அனுப்பச் சொன்னேன். வந்த தம்பி ரவுட்டரைத் தொடவே இல்லை, தன்னுடைய லப்டொப்பை, ஃபைபர் லைன் வந்து முடியும் ஓஎன்ரி பெட்டியில் நேரே கொழுவி, 291 என்று திரையைக் காட்டினார். "அண்ணை, லைன்ல ஒரு பிழையும் இல்லை. உங்கட பெட்டிதான் இழுக்குதில்லை." அதற்கு மேல் வாதாட ஒன்றும் இருக்கவில்லை.

பெட்டியைத் திறந்தேன். எங்கள் வீடு உரும்பிராய்ப் பக்கம், செம்மண் பூமி. பக்கத்துத் தோட்டத்தில் உழவு மிசின் ஓடினால் இரண்டு நாளைக்கு ஜன்னல் கம்பியெல்லாம் சிவப்பாக இருக்கும். ஹீட் சிங்கின் தகடுகளுக்கு நடுவில் அந்தச் செம்மண் தூசி, கடலைப் பருப்பு மாவு மாதிரி இறுகிக் கிடந்தது, ஊதினால் போகவில்லை, பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு இடைவெளியாகச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. அடியில் ஒரு பல்லி முட்டை ஓடும் கிடந்தது. பெட்டி இருந்த இடமும் சரியில்லை, சீலிங்குக்கு மேல், ஓட்டுக்குக் கீழ், மத்தியானத்தில் கை வைக்க முடியாத சூடு. தெர்மல் பேஸ்ட் 600 ரூபா, 12 வோல்ட் சின்ன விசிறி ஒன்று 900. பெட்டியைக் கீழே இறக்கி அலுமாரிக்கு மேல் வைத்தேன். 81 பாகையில் நின்ற சிபியு 60-க்கு வந்தது. ஜே1900-இன் எல்லை 105 பாகை, ஆகவே 81 என்பது வேகத்தைக் குறைக்கிற அளவுச் சூடே இல்லை. செய்ததில் பிழை ஒன்றுமில்லை, ஆனால் வேகம் அதே 90.

அடுத்தது கார்ட். எங்கே தேடினாலும் ரியல்டெக்கைத் தூக்கி எறி, இன்டெல் போடு என்பதுதான் பதில். சரி என்று இன்டெல் 82574எல் சிப் உள்ள கார்ட் ஒன்று, பழசு, 6,500 ரூபா. போட்டேன். வேகம் 93. மூன்று எம்பிபிஎஸ்ஸுக்கு 6,500 ரூபா. இன்டெல் கார்ட் கெட்டது என்று சொல்லவில்லை, இன்றைக்கும் அதுதான் உள்ளே இருக்கிறது. ஆனால் நோய் அங்கே இல்லாதபோது மருந்தை அங்கே போட்டு என்ன பயன்.

அதன் பிறகுதான் வடிவாக இருந்து, என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாப் கட்டளையைப் பார்த்தேன். அதுவரை நான் பார்த்துக்கொண்டிருந்தது வலைப்பக்கத்தில் ஓடும் ஒரு வரைபடம், அது நாலு கோரையும் கூட்டிப் பிரித்து ஒரே எண்ணாகக் காட்டும். 38 வீதம் என்று காட்டினால் இன்னும் 62 வீதம் மிச்சம் இருக்கிறது என்றுதானே தோன்றும். டாப் ஓடும்போது விசைப்பலகையில் 1-ஐ அழுத்தினால் கோர்கள் தனித்தனியாக விரியும். விரித்தேன். ஒரு கோர் 100-இல் நிற்கிறது, இன்னொன்று 40 சொச்சம், மற்ற இரண்டும் தூங்குகின்றன.

இந்த இடத்தில் ஒவ்வொரு கோர் வரியிலும் உள்ள எழுத்துகளைப் பார்க்க வேண்டும், இதுதான் முழுக் கதையின் திறப்பு. யுஎஸ் என்பது சாதாரண புரோகிராம்கள் எடுக்கும் நேரம். எஸ்வை என்பது கேர்னல், அதாவது லினக்ஸின் நடுக்கரு, எடுக்கும் நேரம். எஸ்ஐ என்பது பாக்கெட் (லைனில் வரும் தரவுத் துண்டு) வந்ததும் கேர்னல் அவசரமாகச் செய்யும் வேலை. டபிள்யுஏ என்பது டிஸ்க்குக்காகச் சும்மா காத்திருக்கும் நேரம். நாலுக்கும் நாலு விதமான வைத்தியம். எது கூட என்று தெரியாமல் கார்ட் வாங்கக் கூடாது.

என்னுடையதில் யுஎஸ்ஸும் எஸ்வையும் கூட. கீழே பட்டியலில் முதல் ஆளாக பிபிபிஓஇ என்ற புரோகிராம் 97 வீதம், அதற்குக் கீழே கேவேர்க்கர் என்று தொடங்கும் ஒன்று 40 வீதம். ஒழுங்கான லினக்ஸ் ரவுட்டரில் அந்தப் பெயரில் ஒரு புரோகிராம் பட்டியலிலேயே தெரியக் கூடாது. இந்த லைனில் இணைப்பு எடுக்கும் முறைக்கே பிபிபிஓஇ என்றுதான் பெயர். லைனுக்கு டயல் பண்ணுவது, அதாவது பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து இணைப்பு எடுப்பது, பிபிபிடி என்ற புரோகிராம், டயல் பண்ணி முடிந்ததும் பாக்கெட்டுகளைக் கேர்னலே நேரே கையாள வேண்டும்.

டயல் பண்ணும் அமைப்புக் கோப்பைத் திறந்தால் விளங்கியது. அந்தக் கோப்பு ஏடிஎஸ்எல் காலத்தில் ஒரு பழைய பென்டியம் 4-க்கு எழுதினது. ஒவ்வொரு கொம்பியூட்டர் மாறும்போதும் அப்படியே பிரதி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அதில் பிடிவை என்று தொடங்கும் ஒரு வரி. அந்த வரி இருந்தால், வரும் ஒவ்வொரு பாக்கெட்டும் கேர்னலில் இருந்து வெளியே புரோகிராமுக்குப் போய், அங்கே பைட் பைட்டாகக் கட்டப்பட்டு, ஒரு போலி முனையம் வழியாகத் திரும்பக் கேர்னலுக்குள் நுழையும். 8 எம்பிபிஎஸ் லைனில் இது ஒரு பொருட்டே இல்லை. 90-இல் ஒரு கோரை முழுசாகத் தின்றுவிடும், அந்தக் கோர் முடிந்தால் வேகமும் அங்கேயே முடிந்தது. கேவேர்க்கர் எடுத்த 40 வீதமும் அந்தப் போலி முனையத்தின் கூலிதான்.

அந்த வரியை அழித்து, அதற்குப் பதில், பாக்கெட்டைக் கேர்னலிடமே விட்டுவிடும் ஆர்பி பிபிபிஓஇ பிளகினையும் போர்ட்டின் பெயரையும் போட்டேன், இரண்டே வரி மாற்றம். இணைப்பைத் துண்டித்துத் திரும்ப எடுத்தேன். பிபிபிஓஇ புரோகிராம் பட்டியலில் இருந்தே காணாமல் போனது. வேகம் 228.

சந்தோசம் ஒரு மணித்தியாலம்கூட நிற்கவில்லை. சில தளங்கள் திறக்கின்றன, சில வெள்ளையாகவே நிற்கின்றன. மனிசி வங்கித் தளம் வரவில்லை என்கிறா, மகனுக்கு விளையாட்டு இறங்கவில்லை, யூடியூப் மட்டும் பறக்கிறது. இப்படிப் பாதி வேலை செய்தால் பெரும்பாலும் பாக்கெட் அளவுப் பிரச்சினை. பிபிபிஓஇ தலைப்புக்கு 8 பைட் போவதால் 1500-க்குப் பதில் 1492 பைட்தான் போகலாம், அதில் தலைப்புகள் 40 போக 1452. நான் அழித்த வரியின் கடைசியில் இந்த 1452 இருந்தது! பழைய புரோகிராம் மற்ற வேலைகளோடு, இணைப்புத் தொடங்கும்போது இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளும் அளவையும் 1452-க்குக் குறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது அதைச் செய்ய யாரும் இல்லை. லினக்ஸின் ஃபயர்வோலான என்எஃப்டேபிள்ஸின் ஃபோர்வேர்ட் பகுதியில், இணைப்பைத் தொடங்கும் சின் பாக்கெட்டுகளின் எம்எஸ்எஸ் அளவை (அந்த 1452) பாதையின் எம்டியுவுக்கு (அந்த 1492) ஏற்ப மாற்று என்று ஒரு வரி சேர்த்ததும் எல்லாத் தளமும் வந்தது. அந்தப் பிடிவை வரியை அழிக்கிறவர்கள் இதையும் கையோடு போட்டுவிடுங்கள்.

228-க்கு மேல் போகாததற்குக் காரணம் வேறு. திரும்ப டாப், திரும்ப 1. இப்போது யுஎஸ் எல்லாம் பூச்சியம், ஆனால் முதல் கோரில் எஸ்ஐ 99. மற்ற மூன்றும் 2, 3 வீதம். நாலு பேரைக் கூலிக்குப் பிடித்த தோட்டத்தில் ஒருத்தன் மட்டும் மண்வெட்டி பிடிக்க, மற்ற மூன்று பேரும் வரம்பில் குந்தியிருந்து வெற்றிலை போடுகிற நிலைமை. இன்டரப்ட் (கார்ட் கோரைத் தட்டி எழுப்பும் அழைப்பு) கணக்குக் கோப்பைத் திறந்து ஒரு செக்கனுக்கு ஒரு தரம் புதுப்பிக்க விட்டால் இது கண்ணால் தெரியும்: இரண்டு லான் கார்டுக்கும் முதல் கோருக்குரிய நிரலில் எண் ஓடிக்கொண்டே இருக்கிறது, மற்ற மூன்று நிரலும் அசையவில்லை.

லினக்ஸில் என்னுடைய கார்டுக்குப் பாக்கெட் வந்து சேரும் வரிசை ஒன்றுதான், ஆகவே அது ஒரு கோரைத்தான் எழுப்பும். பல வரிசை உள்ள விலை கூடின கார்ட் வாங்கினாலும் பெரும்பாலும் இங்கே உதவாது. அவற்றில் பெரும்பாலானவை ஐபி முகவரியைப் பார்த்துத்தான் வரிசை பிரிக்கின்றன, பிபிபிஓஇ உறைக்குள் இருக்கும் ஐபி அவற்றின் கண்ணுக்குப் படாது, எல்லாவற்றையும் முதல் வரிசையிலேயே தள்ளிவிடும். இதைப் படித்தபோது நாலு போர்ட் கார்டுக்கு 20,000 கொடுக்காமல் தப்பினேன் என்று ஒரு ஆறுதல்.

வன்பொருள் செய்யாததைக் கேர்னல் செய்யும். ஆர்பிஎஸ் என்று ஒரு வசதி, பாக்கெட் வந்த பிறகு உறைக்குள்ளும் எட்டிப் பார்த்து, ஒவ்வொரு இணைப்பையும் ஒவ்வொரு கோருக்குப் பிரித்துக் கொடுக்கும். எந்தெந்தக் கோர் என்பதை இரும எண்ணாக யோசிக்க வேண்டும்: முதல் கோரை விட்டுவிட்டு மற்ற மூன்றும் என்றால் 1110, கோப்பில் அதை ஹெக்ஸ் எழுத்தாக, அதாவது ஈ என்று எழுத வேண்டும். லைன் பக்கக் கார்டுக்கு அதைப் போட்டேன். வீட்டுப் பக்கக் கார்டின் இன்டரப்டை இரண்டாவது கோருக்கு மாற்றினேன். இன்டரப்டுகளைத் தானாகப் பங்கிடும் ஐஆர்க்யூ பேலன்ஸ் என்ற சேவை நான் வைத்ததைத் தன் பாட்டுக்கு மாற்றிக்கொண்டே இருந்தது, அதை நிறுத்திவிட்டேன். வேகம் 287, முதல் கோர் 50 வீதத்தடியில், மற்றவை 30 தொடக்கம் 45.

ஒரு விசயம், ஒரே ஒரு இணைப்பில் பெரிய கோப்பு இறக்கினால் அது இப்போதும் ஒரு கோரில்தான் ஓடும். என்னுடையதில் அப்படி 210 சொச்சம் வருகிறது. வீட்டில் ஒரே நேரத்தில் அஞ்சாறு சாதனம் ஓடுவதால் அது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்து கேக். வீடியோ கோல் உறையாமல் இருக்க வேண்டும் என்றால் வேகம் மட்டும் போதாது, மகன் இறக்குவதற்கு நடுவில் அம்மாவின் பாக்கெட் காத்து நிற்கக் கூடாது. அதற்குத்தான் கேக் என்ற வரிசை ஒழுங்கு, அது சிபியுவைக் கொஞ்சம் சாப்பிடும். லைனின் வேகத்தை விடச் சற்றுக் குறைய, 275-க்கு அமைத்தேன். ஒரு கோர் 68 வரை ஏறியது, பரவாயில்லை. முழு வேகத்தில் இறக்கும்போது பிங் நேரம், அதாவது ஒரு பாக்கெட் போய்த் திரும்பும் நேரம், 140 மில்லிசெக்கனில் இருந்து 20-க்குள் வந்தது. 12 எம்பிபிஎஸ் இழந்ததைப் பற்றி வீட்டில் ஒருத்தரும் முறையிடவில்லை.

ஒரு நாள் கரண்ட் போய் வந்ததும் கோல் திரும்பவும் உறையத் தொடங்கியது. ரவுட்டர் பற்றரியில் இருந்ததால் நிற்கவே இல்லை, ஓஎன்ரி மட்டும் அணைந்து எழும்பியிருக்கிறது. லைன் திரும்ப டயல் ஆகும்போது பிபிபி இடைமுகம் புதிதாகப் பிறக்கும், பழையதில் போட்டிருந்த கேக் அதோடு போய்விடும். நான் கேக்கைப் பூட் ஆகும்போது மட்டும் போட வைத்திருந்தேன். இப்போது பிபிபிடி இணைப்பு எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஓட்டும் ஸ்கிரிப்ட் கோப்புறைக்குள் வைத்திருக்கிறேன். ஆர்பிஎஸ் கார்டோடு இருப்பதால் அதற்குப் பூட் நேரமே போதும்.

இவ்வளவும் முடிந்த பிறகும், இரவு எல்லாரும் படுத்த பிறகு பார்த்தால் லோட் 2.3. சிபியு 75 வீதம் சும்மா இருக்கிறது. லினக்ஸில் லோட் என்பது சிபியுவுக்காக நிற்பவர்களை மட்டும் எண்ணுவதில்லை, டிஸ்க்குக்காக அசையாமல் நிற்பவர்களையும் சேர்த்து எண்ணும். டபிள்யுஏ 22. டிஸ்க்கின் வேலையைக் காட்டும் ஐஓஸ்டாட் போட்டுப் பார்த்தால் பென் டிரைவ் 100 வீதம் வேலையில் இருக்கிறது, எழுதுவதோ செக்கனுக்குச் சில கிலோபைட். பாவம், அது சின்னச் சின்னதாக எழுதுவதற்குச் செய்த சாமான் இல்லை.

யார் எழுதுவது? தளப் பெயர்களுக்கு முகவரி தேடிக் கொடுக்கும் டிஎன்எஸ்மாஸ்க். எப்போதோ ஏதோ பார்க்க எல்லாக் கேள்வியையும் பதிவு செய் என்று போட்டு, அது அப்படியே கிடந்திருக்கிறது. பதிவைத் திறந்தால் முழுக்க ஒரே பெயர், ஒரே சாதனம்: முன் கேற்றையும் மாட்டுக் கொட்டிலையும் பார்க்கும் சிசிடிவி பெட்டி. அது தன் கம்பனியின் கிளவுட் முகவரியைக் கேட்கிறது, நான் ஏற்றி வைத்த தடைப் பட்டியல் பூச்சியங்களைப் பதிலாகக் கொடுக்கிறது, அது ஏற்காமல் திரும்பக் கேட்கிறது. நிமிசத்துக்கு 900 தரத்துக்கு மேல், இரவு பகலாக. சிசிடிவி பெட்டியின் மெனுவுக்குள் போய் கிளவுட் வசதியை நிறுத்தியதும் சத்தம் ஓய்ந்தது. வெளியில் இருந்து கமராப் பார்க்க இப்போது வயர்கார்ட் என்ற விபிஎன், ஜே1900-இல் ஏஇஎஸ் என்ற மறையாக்கத்துக்கு முடுக்கி இல்லாததால் அதைப் பாவிக்காத வயர்கார்ட்தான் இதற்குத் தோது. டிஎன்எஸ் பதிவை நிறுத்தி, சிஸ்டம் பதிவுகளை ராமிலேயே வைக்கச் சொல்லி, கஸ்தூரியார் வீதிக் கடையில் 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று 5,500-க்கு வாங்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன்.

காசுக் கணக்கில், சிபியு லோடைக் குறைத்த வேலைகளில் எஸ்எஸ்டி ஒன்றுக்குத்தான் செலவு, மற்றதெல்லாம் வரி மாற்றம். இன்னொரு தரம் செய்தால் அந்த 6,500-ஐ முதலிலேயே எஸ்எஸ்டிக்குப் போட்டு ரியல்டெக்கை அப்படியே விட்டிருப்பேன். அமைப்புக் கோப்புகளையும் பழையதில் இருந்து பிரதி எடுக்காமல் புதிதாக எழுதியிருப்பேன்.

மிச்சம் இருப்பது ஓஎன்ரியையும் பற்றரியில் போடுகிற வேலை. ரவுட்டர் 13 வாட், ஓஎன்ரி 7 வாட், இப்போது இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பற்றரி. மொத்தம் 84 வாட் மணி, ஈயப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் இரண்டுக்கும் சேர்த்து இரண்டு மணித்தியாலம் வரும். 18 ஆம்பியர் மணிப் பற்றரிக்கு விலை கேட்டிருக்கிறேன். சார்ஜ் ஏறும்போது 13.8 வோல்ட் வரும், பலகை 19 வரை தாங்கும், ஓஎன்ரியின் அடியில் 12 என்று மட்டும்தான் போட்டிருக்கிறது. அதற்கு நடுவில் ஒரு ரெகுலேற்றர் போடாமல் வயரைக் கொழுவப் போவதில்லை.